பதினோரு ஒன்றுகள்

மைசூரில், ஊருக்கு வெளியே இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் நான் இருநூற்றுத் தொண்ணூற்றாறு நாட்கள் படுத்திருந்தேன். சேர்ந்த நாளையும் வெளியே வந்த நாளையும் சேர்த்த கணக்கு இது. இரண்டில் ஒன்றைத்தான் சேர்க்க வேண்டும் என்று என் மகன் சொல்கிறான். இரண்டு நாளும் அந்தக் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தேன், எதை விடுவது? இந்த வயதில் இப்படிப்பட்ட விஷயங்களுக்கெல்லாம் எனக்குப் படபடப்பு வருகிறது.

சுதந்திரம் வந்து நான்கைந்து வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா ரயில்வே வேலையாக மைசூருக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். நான் கல்லூரியில் கணிதம் எடுத்து பி.எஸ்ஸி. முடித்த கையோடு இருமல் ஆரம்பித்தது. புது ஊசி மருந்து வந்திருந்தது, ஆனால் எல்லாருக்கும் போதுமான அளவு வரவில்லை. மற்றபடி பால், முட்டை, காற்று, ஓய்வு. எங்கள் வார்டு ஒரு நீளமான கூடம். ஒரு பக்கம் முழுக்கத் திறந்த தாழ்வாரம், அதன் வழியாக மலை தெரியும். பதினாறு கட்டில்கள். என்னுடையது ஒன்பதாவது.

பத்தாவது கட்டிலில் இருந்தவர் கொள்ளேகால்காரர். என்னைவிட மூன்று வயது பெரியவர். அந்த ஊர்ப் பட்டுக்கூட்டுச் சந்தையில் எடை எழுதும் குமாஸ்தா. கூடை கூடையாக வரும் பட்டுக்கூட்டின் எடையையும் விலையையும் நாளெல்லாம் மனத்திலேயே பெருக்கி, வகுத்துச் சொல்லிக்கொண்டே எழுதுவாராம். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுவிட்டது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏனுங்க பி.எஸ்ஸி." என்பார். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

மாதம் ஒருமுறை அவர் மனைவி கொள்ளேகாலிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒருநாள் மனைவி போன பிறகு, கட்டிலில் விழுந்து கிடந்த பஸ் டிக்கெட்டை எடுத்து என்னிடம் காட்டினார். எண் 4884. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான். "எங்க ஊர்ப் பட்டுச் சேலை மாதிரிங்க, ரெண்டு பக்கமும் ஒரே கரை" என்றார். பிறகு, இப்படிப்பட்ட எண்ணில் இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் அது பதினொன்றால் மீதியில்லாமல் வகுபட்டே தீரும் என்றார். நான் சட்டென்று வகுத்தேன். நானூற்று நாற்பத்து நான்கு. இந்த விதியை நான் புத்தகத்தில் நிரூபணத்தோடு படித்திருந்தேன். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். எடைச் சீட்டுகளில் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று என்றார்.

அன்றிலிருந்து எங்கள் பொழுது ஓடியது. ஒன்று என்ற இலக்கத்தை மட்டும் வரிசையாக எழுதி, அதைவிட அழகான இருகரை எண் இல்லை என்று முடிவு செய்தோம். மூன்று ஒன்றுகள், மூன்றால் வகுபடும். ஐந்து ஒன்றுகள், நாற்பத்தொன்றால் வகுபடும். ஏழு ஒன்றுகளை அவர் ஒரே பிற்பகலில் 239 வரை போய்ப் பிடித்துவிட்டார். நான்கு, ஆறு, எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் சுலபம், அவை தங்களைவிடச் சிறிய வரிசைகளால் வகுபட்டுவிடும். பதினொன்று வந்தபோது நின்றோம். 11111111111. இரண்டால் இல்லை, மூன்றால் இல்லை, ஐந்தால் இல்லை, ஏழால் இல்லை. இலக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால் பதினொன்றாலும் இல்லை, மீதி ஒன்று. அவர் நூறு வரை வகுத்துப் பார்த்துவிட்டு பென்சிலை என்னிடம் கொடுத்தார்.

எனக்குப் படிப்பு ஞாபகத்துக்கு வந்தது. இந்த எண்ணைச் சரியாக வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால், அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது இருபத்திரண்டின் மடங்காக இருந்தே ஆக வேண்டும். அதாவது 23, 67, 89, 199 என்று போகும் எண்களை மட்டும் முயன்றால் போதும், மற்றவற்றைத் தொடவே வேண்டாம். இதை அவருக்கு விளக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. விளங்கியதும் அவர் முகத்தில் இருந்தது பாராட்டு இல்லை, ஆத்திரம். இவ்வளவு நாள் வீணாக வகுத்துவிட்டோமே என்று.

அந்த வாரம்தான் டாக்டர் அவரிடம் ஆப்பரேஷன் பற்றிப் பேசினார். இடது நுரையீரலில் ஓட்டை மூடவில்லை. அந்தப் பக்கத்தில் ஏழு விலா எலும்புகளை இரண்டு தவணையாக எடுத்துவிட்டால் நுரையீரல் அமுங்கி ஓய்வெடுக்கும், ஓட்டை மூடலாம். அறுவை செய்பவர் வெளியூரிலிருந்து இன்னும் இரண்டு மாதத்தில் வருவார், அதற்குள் சம்மதக் கையெழுத்து வேண்டும். போடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம், இங்கே வைத்திருந்து பயன் இல்லை. எங்கள் வார்டிலிருந்து அதற்கு முன் இருவர் அந்த ஆப்பரேஷன் மேஜைக்குப் போயிருந்தார்கள். ஒருவர்தான் திரும்பி வந்தார். அவருடைய கட்டில் நான்காவது.

கொள்ளேகால்காரர் மூன்று நாள் பென்சிலைத் தொடவில்லை. நான்காம் நாள் சொன்னார். அவர்கள் பக்கத்தில் கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் கோயிலில் பூக் கேட்பார்களாம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். அவருக்கு அதைக் கேட்க ஊருக்குப் போக வேண்டும், ஆனால் ஆஸ்பத்திரியில் விட மாட்டார்கள். மனைவியைக் கேட்கச் சொல்லலாமே என்றேன்.

"அதுல ஏமாத்திருவாங்க பி.எஸ்ஸி. என்னோட கல்யாணத்துக்கே எங்க மாமன் பொட்டலத்துல அடையாளம் வச்சுத்தான் கட்டுனாரு. நல்லதுக்குத்தான் செஞ்சாரு, ஆனா அது கேட்டதா ஆகாதுங்க. இந்தப் பதினொரு ஒண்ணுல யாரும் கை வைக்க முடியாதில்ல? ஒண்ணு போகும், இல்லாட்டி போகாது."

அவர் சொன்ன ஏற்பாடு இதுதான்: இருபத்திரண்டின் ஆயிரமாவது மடங்கு வரை பார்ப்பது. அதற்குள் ஏதாவது ஒரு எண் மீதியில்லாமல் வகுத்தால் கையெழுத்துப் போடுவார். வகுக்காவிட்டால் ஊருக்குப் போவார். நான் சிரித்தேன். பிறகு அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டேன். இது முட்டாள்தனம், எண்ணுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று பி.எஸ்ஸி. படித்தவன் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உள்ளூர எனக்கு ஒரு பெருமை இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். சாமிக்குப் பதிலாக என் சூத்திரத்தை வைத்தார் அல்லவா.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஆயிரம் எண்களையும் எழுதி, அவற்றில் பகா எண் அல்லாதவற்றை அடித்துவிட்டுப் பட்டியல் தயாரிப்பது என் பொறுப்பு. மிஞ்சுபவற்றை இருவரும் தனித்தனியே வகுத்து, மீதியை மட்டும் ஒப்பிடுவது. காகிதம் கொடுத்தது வார்டு சிஸ்டர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவத் தமிழ்ப் பெண், பேச்சில் பாதி கன்னடம் கலந்திருக்கும். பழைய ஜுர அட்டைகளின் பின்பக்கத்தை வெட்டித் தருவார். யாரோ ஒருவருடைய காய்ச்சல் ஏறி இறங்கிய கோடுகளுக்குப் பின்னால் என் எண்கள்.

பட்டியல் பன்னிரண்டு நாள் எடுத்தது. போர்வைக்குள் வைத்து எழுதினேன். அடித்த ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும், அது எதனால் வகுபடுகிறது என்பதையும் குறித்தேன். கொள்ளேகால்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, அடித்ததையும் வகுத்துப் பார்த்துவிடலாமே, தனக்கென்ன சிரமம் என்றார். நான் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். ஒரு பெரிய எண் நம் எண்ணை வகுத்தால், அதற்குள் இருக்கும் சிறிய எண்ணும் வகுத்தாக வேண்டும். சிறியது வகுக்காது என்று தெரிந்த பிறகு பெரியதைத் தொடுவது சந்தைக்காரன் வேலை, கணிதம் இல்லை. அவர் "சரிங்க, படிச்சவங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பட்டியல் முடிந்த மறுநாள் மாட்டிக்கொண்டோம். எனக்குச் சாயங்கால ஜுரம் ஒரு வாரமாக 99.6-க்குக் குறையவில்லை. டாக்டர் தலையணையைத் தூக்கிப் பார்த்துக் காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார். மூளைக்கு வேலை கொடுப்பது மண்வெட்டிக்கு வேலை கொடுப்பது போலத்தான் என்றார். சிஸ்டர்தான் அவரிடம் ஏதோ பேசிக் காகிதங்களை மீட்டுக்கொண்டு வந்தார்.

"இதென்ன தம்பி லெக்கா, ஆளையே தின்னுது? ஒரு நாளைக்கு ஆறு லெக்கா. ஏழாவது போட்டீங்கன்னா நானே அடுப்புல போட்டுடுவேன்."

ஆறு என்றால் ஆறுதான். இன்று நினைத்தால் அந்த நாட்கள்தான் என் வாழ்க்கையிலேயே ஒழுங்கான நாட்கள். காலையில் கஞ்சி, மூன்று வகுத்தல். பத்து மணிக்கு மலை மேல் மேகம் விலகும். ஞாயிறுதோறும் அப்பா தேவராஜ மார்க்கெட்டிலிருந்து நஞ்சன்கூடு வாழைப்பழம் ஒரு சீப்பு கொண்டு வருவார், பன்னிரண்டு இருக்கும், ஆறு எனக்கு, ஆறு பக்கத்துக் கட்டிலுக்கு. இரண்டிலிருந்து நாலு வரை ஓய்வு நேரம், யாரும் பேசக் கூடாது, எழுதக் கூடாது, படிக்கக் கூடாது. அதற்குப் பின் மூன்று வகுத்தல். இருட்டுவதற்குள் ஒப்பிட்டுவிடுவோம். அவர் மீதியைச் சொல்வார், நான் என் தாளைப் பார்த்துச் சரி என்பேன். சரியில்லாதபோது தவறு எப்போதும் என்னுடையதுதான். நாற்பது நாளில் பத்தொன்பது தடவை. அவர் ஒரு தடவைகூடத் தவறவில்லை. பட்டியலில் மொத்தம் இருநூற்று நாற்பதுக்குச் சற்றுமேல் எண்கள் இருந்தன. சரியான எண்ணிக்கையை மறந்துவிட்டேன். அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கடைசி எண்ணை ஒரு புதன்கிழமை காலையில் வகுத்தோம். மீதி வந்தது. இருவருக்கும் ஒரே மீதி. கொள்ளேகால்காரர் தாளை மடித்து என் கட்டில் மேல் வைத்தார். டாக்டர் சுற்றி வந்தபோது, எனக்கு வேண்டாமுங்க, ஊருக்குப் போறேன் என்று சொன்னார். டாக்டர் காரணம் கேட்டார். சொல்லவில்லை. கடைசிப் பத்துப் பதினைந்து எண்கள் இருக்கும்போதே, இனி எதுவும் வகுக்காது என்று அவர் ஊருக்கு எழுதியிருந்தார், வியாழக்கிழமை மனைவி பெட்டியோடு வருவதாகக் கடிதமும் வந்திருந்தது. கொள்ளேகால்காரர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அவர் போகப் போவதால் எனக்குப் பக்கத்துக் கட்டில் வெறிச்சோடிப் போகுமே என்ற வருத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அன்றைக்கு ஓய்வு நேரத்தில் தூக்கம் வரவில்லை. ஒன்றும் செய்யக் கூடாத நேரத்தில் நான் எதையாவது எண்ணுவேன், இப்போதும் அப்படித்தான். பட்டியலை மார்பின் மேல் வைத்துக்கொண்டு, அடித்தவை எத்தனை, அடிக்காதவை எத்தனை என்று எண்ணினேன். கூட்டினால் ஆயிரம் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மனம் அடங்காமல் இன்னொரு விதமாகவும் சரிபார்த்தேன். ஒரே எண்ணால் வகுபடுபவை பட்டியலில் சமமான இடைவெளியில்தான் வரும். ஏழுக்குரியவை ஏழு படிக்கு ஒருமுறை, பதின்மூன்றுக்குரியவை பதின்மூன்று படிக்கு ஒருமுறை. எல்லாம் ஒழுங்காக வந்தன. நாற்பத்துமூன்றுக்கு வந்தேன். நாற்பத்தொன்றாம் படி, எண்பத்துநான்காம் படி, நூற்றிருபத்தேழாம் படி என்று விரலை நகர்த்திக்கொண்டே போனேன். கடைசியில் தொள்ளாயிரத்து நாற்பத்துநான்கு, அதற்கு அடுத்தது தொள்ளாயிரத்து எண்பத்தேழு. ஆனால் தொள்ளாயிரத்து எண்பத்துநான்காம் படியில் இருந்த 21649-ஐ அடித்து, பக்கத்தில் 43 என்று எழுதியிருந்தேன்.

வகுத்துப் பார்த்தேன். கடைசிப் படியில் 149 நிற்கும். மூன்று நாற்பத்துமூன்று நூற்றிருபத்தொன்பது. ஜுர வேகத்தில் 129-க்குப் பதில் கண் பார்த்த 149-ஐயே கை எழுதி, மீதியில்லை என்று முடித்திருக்கிறது. 43-ஆல் வகுபடாது. வேறு எதனாலும் வகுபடாது. அது பகா எண். பட்டியலில் இருந்திருக்க வேண்டியது.

ஒரு நிமிடம் அது ஒன்றும் பெரிதில்லை என்று இருந்தேன். இருநூற்று நாற்பது எண்களில் மீதி வந்திருக்கிறது, இதிலும் வரும். பென்சிலை எடுத்தேன். விதியை மீறி, ஓய்வு நேரத்தில். ஈவில் ஐந்து, ஒன்று, மூன்று, இரண்டு, மூன்று. கடைசிப் படியில் 194841 நின்றது. 21649-ஐ ஒன்பதால் பெருக்கினேன். 194841.

இங்கே நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அவருடைய உயிரை நினைத்துத்தான் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை. அவருடைய உயிரை நினைத்தபோது எனக்கு வாய் திறக்கப் பயமாக இருந்தது. இந்தத் தாளைக் கொடுத்தால் அவரை மேஜைக்கு அனுப்புவது நான். கொடுக்காவிட்டால் ஓட்டை நுரையீரலோடு பஸ் ஏற்றி அனுப்புவதும் நான். இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருந்தது. நாலு மணி ஆக இன்னும் ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடமும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என்னைப் பேச வைத்தது, என் கையெழுத்தில் ஒரு தப்பான எண் அந்தத் தாளில் இருக்கிறது என்ற அரிப்பு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு என்னால் படுத்திருக்க முடியவில்லை.

மணி அடித்ததும் எழுந்தேன். அவர் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். தாளை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் தாளை வாங்கவில்லை.

"டாக்டர் சொல்லிக் குடுத்தாருங்களா?"

இல்லை என்றேன். ஜுரத்தில் நடந்த தவறு என்றேன். மூன்று நாற்பத்துமூன்றைச் சொன்னேன்.

"மூணு நாப்பத்திமூணு பி.எஸ்ஸி.க்குத் தெரியாதா? எங்க மாமன் மாதிரியே நீங்களும் பொட்டலத்துல அடையாளம் வச்சுட்டீங்க. நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க. வேண்டாமுங்க."

அவர் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் பத்தொன்பது தவறுகளையும் பார்த்தவர், இந்த இருபதாவதை மட்டும் நம்பவில்லை. தாளைப் பார்க்க வேண்டாம், நீங்களே வகுங்கள் என்றேன். இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். பென்சில் கேட்கவில்லை. சந்தையில் எப்படிச் செய்வாரோ அப்படி, கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய. ஒவ்வொரு படியிலும் இடது கை விரல் ஒன்றை மடக்கினார். ஐந்து விரலும் மடங்கியது. ஆறாவதற்கு வலது கைக் கட்டைவிரலை மடக்கியவர் அப்படியே இருந்தார். பதினொன்றாவது கட்டில்காரர் இருமி ஓய்ந்தார்.

"மீதி இல்லீங்க" என்றார்.

பிறகு கண்ணைத் திறந்து, "அடிச்சதையும் வகுத்துப் பாக்கலாம்னு அன்னிக்கே சொன்னனுங்க. சந்தைக்காரன் வேலைன்னீங்க" என்றார்.

அவர் மடித்து வைத்திருந்த துண்டுகளில் ஒன்றை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மெதுவாக நடந்து டாக்டர் அறைக்குப் போனார். எங்கள் கட்டிலிலிருந்து அந்த அறை அறுபத்திரண்டு அடி. அவர் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

மறுநாள் மனைவி தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். கூட்டிக்கொண்டு போக வந்தவர், கையெழுத்துப் போட்டாயிற்று என்று கேட்டதும் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்றார். பூக் கேட்டேன், வெள்ளை வந்தது என்று கணவர் சொன்னார். இங்கே எந்தச் சாமி, யார் எடுத்துக் கொடுத்தது என்றார் மனைவி. கொள்ளேகால்காரர் என்னைக் காட்டினார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை. கும்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. "கொழந்தையைத்தான் எடுக்கச் சொல்லுவாங்க" என்று மட்டும் சொன்னார்.

முதல் தவணையில் நான்கு எலும்பு எடுத்தார்கள். ஒன்பது நாள் அவரை வேறு அறையில் வைத்திருந்தார்கள். சிஸ்டர் ஒவ்வொரு ஷிப்டுக்கும் வந்து, இருக்கார், இருக்கார் என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒன்பது நாளில் நான் ஒரு வகுத்தலும் போடவில்லை. தாழ்வாரத் தூண்களை எண்ணினேன், ஓடுகளை எண்ணினேன், இரண்டு முறையும் வேறு வேறு எண் வந்தது. இரண்டாம் தவணைக்கு முன் எனக்கு ஜுரம் நின்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பின் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை. நாலு மைல்தான். சைக்கிள் இருந்தது. போகவில்லை. எழுதவும் இல்லை. தெரியாதவரை பாதி சரி, பாதி தப்பு என்று இருந்துவிடலாம் என்று நினைத்தேன் போல.

அடுத்த வருடம் தசரா முடிந்த வாரத்தில், காலை பத்து மணி இருக்கும், எங்கள் வாசலில் யாரோ என் பெயரைக் கன்னடத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கூப்பிட்டார். வெளியே வந்தால் கொள்ளேகால்காரர். சட்டைக்குள் இடது தோள் இறங்கி, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கையில் ஒரு பை. மனைவி பின்னால், தோளில் மூன்று மாதக் குழந்தை. வந்த வழி, பஸ், வெயில் என்று அவரே அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பதின்மூணு ஒண்ணை வர்ற வழியில பஸ்ஸுலயே பாத்துட்டனுங்க. கஷ்டமே இல்லை, அம்பத்திமூணுல போயிடுது."

நான் உடனே உள்ளே போய்ப் பென்சிலும் தாளும் எடுத்து வந்தேன். வாசற்படியில் உட்கார்ந்து வகுக்க ஆரம்பித்தேன். அதற்குள் அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். சிரித்தால் அந்தப் பக்கம் இன்னும் வலிக்கும் போலிருக்கிறது, வலது கையால் விலாவைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.